ஊரான் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பானக்காரம்

புத்துமண்ணு இல்லாம சங்கரன்கோவில்காரி எவளும் ஊரத் தாண்ட மாட்டா. கோமதி அம்பா கோயில்ல எடுத்த மண்ணு. தேள்கடியில இருந்து தலவலி வரைக்கும் எங்களுக்கு அதுதான். நானும் ஒரு உருண்டைய வெள்ளத் துணியில முடிஞ்சு மடியில வச்சிருந்தேன். மலேசியா ஏர்போர்ட்டுல அந்த முடிச்ச அவுக்கச் சொல்லிட்டாவ.

முக்காடு போட்ட ஒரு பிள்ளை, பாத்தா நம்ம கடையநல்லூர்ப் பிள்ளை மாதிரியே இருக்கா, மண்ண மூக்குக்கிட்ட கொண்டுபோயி மோந்து பாக்கா.

"என்னன்னு கேக்கா ஆச்சி"ன்னா என் பேத்தி.

"மருந்துன்னு சொல்லுட்டி."

"மருந்துன்னா டாக்டரு சீட்டு எங்கம்பா."

"அப்ப சாமின்னு சொல்லு."

இவ இங்கிலீசுல என்னமோ சொன்னா. அந்தப் பிள்ளை என் மூஞ்சியப் பாத்தா, மண்ணப் பாத்தா, உருண்டைய எடுத்து ஒரு டப்பாவுல போட்டுட்டு துணிய மட்டும் மடிச்சு என் கையில குடுத்தா. துணியில ஒட்டியிருந்த மண்ண அவ தட்டல. எனக்கு அது போதும். பேத்தி இடுப்புல தடவத்தான் கொண்டு போனேன், அதுக்கு ஒரு விரல் மண்ணே தாராளம்.

பேத்தி பேரு ஆவுடைத்தாய். என் மக முப்பிடாதி பெத்தது. எங்க ஊர்ல அவள ஓட்டக்காரின்னு சொல்லுவாவ, ஆனா வெறும் ஓட்டம் இல்ல அது. முதல்ல கடல்ல நீந்தணும். கரையேறுன ஈரத்தோட சைக்கிள் மிதிக்கணும். சைக்கிள விட்டு எறங்குன காலோட ஓடணும். நீந்தி முடிச்சா நம்ம ஊருப் பிள்ளைக வீட்டுக்குப் போயி சோத்தத் திங்கும். இவளுக்கு அதுதான் தொடக்கம். சைக்கிள் மட்டும் எம்புட்டு தூரம்ன்னு கேட்டேன். சங்கரன்கோவில்ல ஏறி மதுரைக்குப் போயி, திரும்பி பாதி வழி வார தூரமாம். அதுக்கு மேல ஓட்டம், வாசுதேவநல்லூருக்குப் போயிட்டுத் திரும்பி வார தூரம். எல்லாம் ஒரே பகல்ல. இதுல பொம்பளைப் பிள்ளைகள்ல முதல்ல வந்து வந்து கப்பா வாங்கிக் குமிச்சவ அவ. எங்க வீட்டு ஆணியில சல்லடைக்குப் பக்கத்துல மெடலு மெடலாத் தொங்குது.

இந்தப் பயணம் அவளுக்குக் கடைசி. இடுப்பு எலும்புல கீறல் விழுந்திருக்கு, இதுக்கு மேல ஓடுனா நடக்கவே முடியாமப் போயிரும்ன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓடிக்கிடுதேன்னு அவருகிட்ட கெஞ்சி வாங்கியிருக்கா. என்கிட்ட சொன்னா: "கடைசியா ஒரு தடவ முதல்ல வந்துட்டு நிறுத்திக்கிடுதேன் ஆச்சி. ரெண்டாவதா வந்து நிறுத்துனேன்னா எனக்கு ஆயுசுக்கும் தூக்கம் வராது."

அவ அம்மா செத்த பொறவு அவ ஒரு பந்தயத்துலயும் முதல்ல வரல. அதையும் நான் சொல்லணும். முப்பிடாதிக்கு மக ஓடுதத ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்ன்னு ஆசை. போன வருசம் போயிச் சேந்துட்டா. அவ அப்பனுக்கு விசைத்தறிச் சத்தத்துல காது போயிட்டு, ஊரத் தாண்டவும் மாட்டாரு. அதனால மக பாக்க வேண்டியத நான் பாக்க வந்தேன். சந்தோசமாத்தான் வந்தேன். பிளேன் மேகத்துக்கு மேல போனப்ப கீழ பாத்தா, நம்ம தாலுக்கா பருத்திக்காடு வெடிச்சுக் கெடக்க மாதிரி அம்புட்டும் வெள்ளை. முப்பிடாதி பாத்திருக்கணும்ன்னு நெனச்சேன்.

எறங்கின அன்னைக்கே ஒரு இடி. சைக்கிள் வரல.

அவ சைக்கிளுக்குன்னு ஒரு பெரிய பெட்டி உண்டு. ஆளப் படுக்க வைக்கலாம், அம்புட்டு நீளம். சுத்துத வார்ல எல்லாரு பெட்டியும் வருது, எங்க பெட்டி மட்டும் வரல. வேற ஊருப் பிளேன்ல ஏத்தி விட்டுட்டாவளாம். திருவேங்கடம் பஸ்ல மூட்டையப் போட்டுட்டு ராயகிரி பஸ்ல ஏறுன கதை. ஆவுடை அந்தப் பளபளத் தரையில உக்காந்துட்டா. அழல. அவ அழுது நான் பாத்தது ரெண்டு தடவதான். சும்மா ஷூ கயித்த அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருந்தா.

மறுநாள் பந்தயம் நடக்குத தீவுக்கு வந்து சேந்தோம். கடலுக்கு எதுத்தாப்ல ஒரு மாடி ரூம்பு. கீழ ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில எந்திச்சுப் பசியோட எறங்குனேன். கடைக்காரரு மாவ வீசி அடிக்காரு, துணி காயப் போடுத மாதிரி பறக்குது. நம்ம பரோட்டா மாதிரிதான், ஆனா இன்னும் மெலிசு, தொட்டுக்கிட பருப்புக் குழம்பு. நான் முணங்குன மாதிரி, "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு"ன்னேன். அந்த மனுசன் திரும்பிப் பாத்தாரு.

"எந்த ஊரு ஆச்சி?"

"சங்கரன்கோவில்."

மாவ அப்படியே போட்டுட்டு வந்துட்டாரு. மைதீன்னு பேரு. கடையநல்லூர்க்காரரு. சின்னதுல மாமாவோட கடைக்கு வந்தவரு, இங்கனயே பொண்ணு கட்டி, தல நரைச்சுப் போச்சு. "எங்க வாப்பா ஆடித்தபசுக்கு ஒங்க ஊர்ல வளையல் கடை போடுவாரு ஆச்சி. தெக்கு ரத வீதியில. அந்த வெயில்ல சுத்திக்கிட்டே இருப்பாவளே, இப்பவும் சுத்துதாவளா?"

"சுத்தாம? பொம்பளையளுக்கு வேற என்ன வேல."

தெரியாதவுகளுக்குச் சொல்லுதேன். எங்க அம்பா ஆடி மாசத்துல ஒத்தக் கால்ல தபசு நிப்பா. கொடி ஏறிட்டா நாங்க கோயிலச் சுத்த ஆரம்பிப்போம். நூத்தியெட்டு சுத்து, அதுக்கு மேலயும் முடிஞ்ச வரைக்கும். நாம சுத்துனா அம்பாளுக்கு அந்த ஒத்தக் கால் வலி கொறையும்ன்னு ஒரு நம்பிக்கை. ஆடிச்சுத்துன்னு பேரு. ஆவுடை ஓடப் படிச்சதே அதுலதான். சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு வருவா. நான் மூச்சு வாங்கி உக்காந்தா, "நீங்க உக்காருங்க ஆச்சி, ஒங்க சுத்தையும் நான் சேத்துச் சுத்திட்டு வாரேன்"னு ஓடுவா. என் கணக்கு, அவ அம்மா கணக்கு, பக்கத்து வீட்டு நொண்டிப் பாட்டி கணக்கு, எல்லாம் அவதான்.

அதுல ஒரு வழக்கம் இருக்கு. ரத வீதி வீட்டுக்காரிக எல்லாம் வாசல்ல குடம் வச்சு மோரு, பானக்காரம்ன்னு சுத்துத ஆளுகளுக்குக் குடுப்பாவ. எங்க வீட்டுல முப்பிடாதி ஒரு சட்டம் வச்சிருந்தா. சொந்தப் பிள்ளைக்கு நம்ம குடத்துல இருந்து குடுக்கக் கூடாது. ஊரான் பிள்ளைக்கு நாம குடுத்தா நம்ம பிள்ளைக்கு ஊரான் குடுப்பான். ஆவுடை நாக்கு வறண்டு எங்க வாசலத் தாண்டி ஓடுவா, இவ டம்ளர நீட்ட மாட்டா. நாலு வீடு தள்ளி எவளாவது கூப்பிட்டுக் குடுப்பா. ஒரு ஆடிக்கும் அது தவறுனதில்ல.

மூணாவது நாள் மழை. நம்ம மழை மாதிரி யோசிச்சு யோசிச்சுப் பெய்யல, அண்டாவக் கவுத்த மாதிரி ஊத்திட்டு, துடைச்சு விட்ட மாதிரி நின்னு போச்சு. மழையோட மழையா சைக்கிள் பெட்டியும் வந்துது. ஆவுடை கடைத் தரையிலயே பெட்டியத் தொறந்து ஒவ்வொண்ணா மாட்டுனா. மைதீன் தம்பி தட்டு கழுவுதத விட்டுட்டு வந்து நின்னு பாக்காரு.

அப்பதான் லேனா வந்தா. ஏதோ குளிரு நாட்டுக்காரி, பனைமரம் மாதிரி உசரம், வெயில்ல மூக்கு உரிஞ்சு செவந்து கெடக்கு. ரெண்டு பேரும் வருசக்கணக்கா பந்தயத்துக்குப் பந்தயம் எதுத்து நிக்கவுக. கடைசியா நடந்ததுல எல்லாம் லேனாதான் முதல்ல. வந்தவ வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, நின்ன நிலையில பாதியத் தின்னா. என்னப் பாத்துச் சிரிச்சு என்னமோ சொன்னா.

மைதீன் தம்பி மாத்திச் சொன்னாரு: "ஒங்க பேத்தி பின்னால ஓடி வாரான்னு தெரிஞ்சாலே எனக்கு முதுகு அரிக்கும்ங்கா ஆச்சி."

ஆவுடை தலையத் தூக்காம சொன்னா: "இந்தத் தடவ நான் முன்னால இருப்பேன், சொறிய வேண்டாம்ன்னு சொல்லுங்க."

மாத்திச் சொன்னதும் லேனா மேசையத் தட்டிச் சிரிச்சா. எனக்கு அந்தப் பிள்ளையப் புடிச்சுப் போச்சு. எங்க ஊர்க் கதையில ரெண்டு பாம்பு ராசா உண்டு, சிவன் பெரிசா பெருமாள் பெரிசான்னு சண்டை போட்டுக்கிட்டுக் கெடந்தவுக. இதுக ரெண்டும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன். சண்டை போடாம ஒண்ணுக்கு ஒண்ணு பொழுது போகாது.

அன்னைக்கு சாயங்காலம் ஆவுடை இடுப்புல துணி மண்ணக் கொழைச்சுத் தடவிக்கிட்டு இருந்தேன். அவ சொன்னா: "ஆச்சி, நாளைக்கு எனக்கு ஒண்ணும் குடுத்துரக் கூடாது. தண்ணிகூட. அவங்களே வழியில மேசை போட்டு வச்சிருப்பாங்க, அதத்தான் குடிக்கணும்."

"ஒனக்கு நான் எதுக்குட்டி குடுக்கேன். ஒங்க அம்மா வளத்த வளப்பு எனக்குத் தெரியாதா?"

அவ சிரிச்சுக்கிட்டே திரும்பிப் படுத்துட்டா. அவளும் அதுக்கு மேல சொல்லல, நானும் கேக்கல.

விடியக்காலம் கடக்கரைக்குப் போனோம். ஆணும் பொண்ணுமா அம்புட்டுப் பேரு, தலையில ரப்பர் குல்லா. கூட்டத்துல என் பேத்திய எனக்கே அடையாளம் தெரியல. ஊதுனதும் எல்லாரும் தண்ணிக்குள்ள விழுந்தாவ. கடல் கொதிக்குத மாதிரி இருந்துச்சு.

இவ நீச்சல் படிச்சது திருவேங்கடம் பக்கத்துல எங்க அண்ணன் தோட்டத்துக் கெணத்துல. கெணத்துல நேர நீந்த ஏது எடம். சுவர ஒட்டிச் சுத்திச் சுத்தி வருவா, செக்குமாடு கணக்கா. எங்க அண்ணன் மேல நின்னு, "ஏட்டி, தண்ணி மோராயிரப் போவுது, ஏறி வா"ம்பாரு. சைக்கிள் பள்ளிக்கூடத்துல குடுத்தது. கரிசல்காட்டு எதிர்காத்துல மிதிச்சுப் பழகுனவ. பொறவு ஒரு வாத்தியாரு பாத்து ஹாஸ்டல்ல சேத்தாரு, ஓட்டத்துனால கவர்மெண்டு வேலையும் கெடைச்சுது. முதல் தடவ வெளிநாட்டுல ஜெயிச்சுட்டு வந்தப்ப பஸ் ஸ்டாண்டுல இருந்து மேளம் வச்சுக் கூட்டிட்டு வந்தாவ. முப்பிடாதிக்குக் கூச்சம், அடுப்படிய விட்டு வரல. மேளம் வாசலுக்கு வந்த பொறவு, ஈரக்கையத் தொடைச்சுக்கிட்டு எட்டிப் பாத்து, "சாப்பிட்டியாட்டி"ன்னு மட்டும் கேட்டா.

கல்யாணம் பேசுனோம். ரெண்டு மூணு எடம் வந்துச்சு. "காலு கறுத்துப் போச்சே, தோளு ஆம்பளத் தோளா இருக்கே"ன்னுட்டுப் போயிட்டாவ. ஆவுடை கவலப்பட்ட மாதிரி தெரியல. பட்டாளான்னு நானும் கேட்டதில்ல.

கடல்ல இருந்து பொம்பளைப் பிள்ளைகள்ல அவ மூணாவதா ஏறுனான்னு மைதீன் தம்பி சொன்னாரு. அவரு ஸ்கூட்டர்ல என்ன ஒரு பக்கமா உக்கார வச்சு, சைக்கிள் போற ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. போற வழியில ஒரு கொரங்குக் கூட்டம் மறிச்சு, ஒரு கொரங்கு என் முந்தானையப் புடிச்சு இழுத்துச்சு. "விடு சவமே"ன்னேன். தமிழ் அதுக்கும் வெளங்குச்சு போல, விட்டுட்டு. அதப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல ஆவுடை சைக்கிள் விர்ருன்னு போயிட்டு. முதுகு மட்டுந்தான் பாத்தேன்.

ஓட்டம் தொடங்கையில உச்சி வெயில். ஓடுத பாதை எங்க கடைக்கு முன்னாலதான். ஒரு தடவ ஓடிட்டுப் போயிர மாட்டாவளாம், அதே ரோட்டச் சுத்திச் சுத்தி வரணுமாம். இத யாரும் எனக்கு முன்னால சொல்லல. கேட்டதும் என் மனசு நெறஞ்சு போச்சு. "இது நம்ம ஆடிச்சுத்துல்லா தம்பி"ன்னேன். அவருக்கும் முகம் மலந்து போச்சு.

ஊர்ல இருந்து கருப்பட்டி கொண்டு போயிருந்தேன். புளி, சுக்கு, ஏலக்கா மைதீன் கடையில இருந்துச்சு. பெரிய பானை நெறைய பானக்காரம் கரைச்சு, கடை வாசல்ல ஸ்டூலு போட்டு வச்சு, டம்ளரும் கையுமா நின்னேன். முப்பிடாதி நிக்கிற மாதிரியே நின்னேன்.

ஒருத்தரும் வாங்கல. கும்புடுத மாதிரி கையக் காட்டிட்டு ஓடிருதாவ. வெள்ளக்காரனுக்குக் கருப்பட்டி ஆகாது போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆவுடை வந்தா. ரெண்டாவதா வாரா, இடுப்பு ஒரு பக்கம் இழுக்கு. என்னப் பாத்தா, பானையப் பாத்தா, லேசாச் சிரிச்சா. நான் டம்ளரப் பின்னால மறச்சுக்கிட்டேன். சட்டம் சட்டந்தான். அவளும் அது வெளங்கித்தான் சிரிச்சான்னு நெனச்சேன்.

அதுக்கு அடுத்த சுத்துல லேனா வந்தா. முன்னால ஓடுதவ அவதான். கடைக்கு நேரா வரவும் காலு பிடிச்சுக்கிட்டுது. முட்டியில கைய ஊனி, தலையத் தொங்கப் போட்டு நின்னா. ஒதடு வெளுத்துப் போயிருக்கு. வாய் தொறக்கு, சத்தம் வரல. நான் ரெண்டு எட்டு வச்சு டம்ளர நீட்டுனேன். அவ என்ன நிமுந்து பாத்தா. செத்த நேரம் பாத்தா. பொறவு வாங்கிக் குடிச்சா. இன்னொண்ணு ஊத்துனேன், அதையும் குடிச்சா. என் கையப் புடிச்சு நெத்தியில வச்சுட்டு ஓடுனா. என் வயிறு குளுந்து போச்சு. ஊர்ல நின்ன மாதிரியே இருந்துச்சு.

பின்னால மோட்டார் சைக்கிள்ல வந்த ஒரு ஆளு நின்னான். மைதீன் தம்பிகிட்ட என்னமோ சொல்லிட்டுப் போனான். தம்பி முகம் மாறிப் போச்சு.

"என்ன தம்பி?"

"ஆச்சி, வெளி ஆளுக கையால யாரும் எதுவும் வாங்கக் கூடாதாம். ஒங்க பேத்திக்கு மட்டும் இல்லையாம், எல்லாருக்குமாம். அந்தப் பிள்ளைய அஞ்சு நிமிசம் கூடாரத்துல நிறுத்தி வச்சிருவாங்களாம்."

"நான்தான குடுத்தேன், என்ன நிறுத்தச் சொல்லுங்க"ன்னேன். அவரு பானைய எடுத்து உள்ள கொண்டுபோயிட்டாரு.

ஆவுடை மறுபடி வந்தப்ப முன்னால பொம்பளைப் பிள்ளை யாரும் இல்ல. அவதான் முதல்ல. ரோட்டு ரெண்டு பக்கமும் கை தட்டுதாவ. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம், லேனாவுக்கு முடியாமப் போச்சுன்னு நெனச்சிருப்பா. பல்லக் கடிச்சுக்கிட்டு ஓடுதா. கூப்பிட்டுச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நின்னுருவா, அவ அப்பிடிப்பட்டவ. நின்னா அந்த இடுப்பு மறுபடி கிளம்பாது. வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். வெறுங்கையோட நின்னேன்.

அவ ஜெயிச்சுட்டா. கடைசிக் கோட்டுல கட்டியிருந்த துணிய நெஞ்சால அறுத்துட்டுப் போயி, தரையில மண்டி போட்டு, கைய வானத்தப் பாத்து நீட்டுனா. யாருக்குக் காட்டுதான்னு எனக்குத் தெரியும். அவ எந்திக்கிறதுக்குள்ள லேனாவும் வந்து சேந்துட்டா. அவ்வளவு கிட்டக்க. அஞ்சு நிமிசத்துல பாதிகூட இல்ல அது.

ஓடி முடிச்சவுகளுக்குப் போட்டிருந்த கூடாரத்துக்குள்ள என்ன விட்டாவ. ஆவுடை மேல போர்வையப் போத்தியிருந்தாவ. "ஆச்சி, பாத்தியளா"ன்னா. அவ குரலு சின்னதுல ஆடிச்சுத்து முடிச்சுட்டு வந்து சொல்லுவாளே, அதே குரலு. நான் அவ பக்கத்துல தரையில உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். மறச்சு வச்சு நாளைக்குச் சொல்ல எனக்கு முடியல.

அவ கேட்டுக்கிட்டே இருந்தா. என்னத் திட்டல. போர்வையோட எந்திச்சு, நொண்டிக்கிட்டு, பந்தயத்த நடத்துதவருகிட்ட போனா. மைதீன் தம்பியும் நானும் பின்னால போனோம். இவ பேசப் பேச அந்த நரைச்ச மனுசன் தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டாரு.

"அந்த அஞ்சு நிமிசத்த லேனாவுக்குத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கா ஆச்சி"ன்னாரு தம்பி.

"அவரு என்ன சொல்லுதாரு?"

"குடிச்சவளுக்குத்தான் சட்டம், குடுத்தவளுக்குச் சட்டம் இல்லைங்காரு. முடிவு மாறாதாம்."

அன்னைக்கு ஆவுடை ஒண்ணும் சாப்பிடல. தேங்காப்பால்ல வெந்த சோறும் நெத்திலியுமா மைதீன் தம்பி வீட்டுல இருந்து ஆக்கிக் குடுத்து விட்டாவ, இலையப் பிரிக்கல. தண்ணிகூட மடக்குன்னு குடிக்கல, ஒதட்ட நனைச்சுட்டு வச்சுட்டா.

"நீங்க தப்பு பண்ணல ஆச்சி"ன்னா.

"அப்ப சாப்பிடேன்."

"முடியல."

முதல்ல வந்தா தூக்கம் வரும்ன்னு சொன்னவ, சுவரப் பாத்துக்கிட்டே கெடந்தா. நானும்தான்.

விடிஞ்சதும், "அந்தப் பிள்ளையப் பாக்கணும், வா"ன்னேன். மைதீன் தம்பி கடைய மகன்கிட்ட விட்டுட்டு வந்தாரு. லேனா அடுத்த தெருவுல ஒரு வீடு எடுத்திருந்தா. ரெண்டு காலையும் ஐஸ் வாளிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. எங்களப் பாத்ததும் மூஞ்சி இறுகிப் போச்சு. வாங்கன்னு சொல்லலைன்னாலும் போகச் சொல்லல.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன்"னேன். தம்பி சொன்னாரு.

அவ வாளியப் பாத்துக்கிட்டே பேசுனா. தம்பி ஒவ்வொண்ணா மாத்திச் சொன்னாரு: "எனக்குச் சட்டம் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன். அடுத்த மேசை வரைக்கும் நான் போயிருக்க மாட்டேன், அங்கனயே விழுந்திருப்பேன். ஆனா கோவம் இல்லைன்னு சொன்னா பொய்."

அப்புறம் என்ன நேராப் பாத்துக் கேட்டா: "ஒங்க பேத்தி ரெண்டாவதா வந்துக்கிட்டு இருந்தா. அவளுக்குக் குடுக்காம எனக்கு ஏன் குடுத்தீங்க?"

நான் முப்பிடாதி சட்டத்தச் சொன்னேன். ஊரான் பிள்ளை, நம்ம பிள்ளை, ஆடிச்சுத்து, நாலு வீடு தள்ளி நிக்கிறவ, எல்லாத்தையும். தம்பி அதச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. லேனா கடைசி வரைக்கும் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு ஆவுடையப் பாத்துக்கிட்டே என்னமோ கேட்டா.

தம்பி மாத்திச் சொல்லத் தயங்குனாரு.

"சொல்லுங்க தம்பி."

"அப்ப இவளுக்கு யாரு குடுத்தான்னு கேக்கா ஆச்சி."

ஒருத்தரும் குடுக்கல. அந்த ஊர்ல நாலு வீடு தள்ளி யாரும் நிக்கல. முப்பிடாதியும் இல்ல. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

தண்ணி சளசளன்னு சத்தம் கேட்டுச்சு. லேனா வாளியில இருந்து கால எடுத்துட்டா. கால் ரெண்டும் கொப்புளம். தரையெல்லாம் ஈரமாக, சுவரப் புடிச்சு நொண்டி நொண்டி அடுக்களைக்குப் போனா. ஆவுடை எந்திக்கப் போனா, அவ கையக் காட்டி உக்காரச் சொல்லிட்டா. ஒரு கிளாசு நெறைய தண்ணி எடுத்துக்கிட்டு, தளும்பாம, ஒரு எட்டு ஒரு எட்டா வந்தா. ஆவுடை முன்னால நீட்டுனா.

ஆவுடை அதக் கையில வாங்கிக்கிட்டு ரொம்ப நேரம் வச்சிருந்தா. பொறவு ஒரே மூச்சாக் குடிச்சா. குடிக்கக் குடிக்கக் கண்ணுல வழிஞ்சுது. நான் பாத்த மூணாவது தடவ அது. லேனா காலி கிளாச வாங்கி மறுபடியும் ரொப்பப் போனா.

ஊருக்குத் திரும்பிட்டோம். கப்பு சல்லடை ஆணிக்குக் கீழ இருக்கு. ஏர்போர்ட்டுல திரும்பி வரையில ஒண்ணும் சோதிக்கல, சோதிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. மிச்சக் கருப்பட்டிய லேனாவுக்குக் குடுத்துட்டேன். வாழைப்பழத்தோட கடிச்சுத் தின்னாளாம். மைதீன் தம்பி போன்ல சொன்னாரு.

இந்த ஆடிக்குக் கொடி ஏறுச்சு. ஆவுடை சுத்தல, டாக்டரு சொன்னா சொன்னதுதான். வாசல்ல ஸ்டூல்ல உக்காந்து, அவ அம்மா குடத்த வச்சுக்கிட்டு, சுத்துத ஆளுகளுக்கு ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்தா. ஊரு வாய் சும்மா இருக்குமா. பூக்கடை அண்ணாச்சி ஒருத்தரு டம்ளர வாங்கிக்கிட்டே, "கடைசிப் பந்தயத்துல முதல்ல வந்தியாமே மக்கா"ன்னாரு.

"ஆமா மாமா. ரெண்டு பேரு வந்தோம்."

"அது எப்பிடி, முதல் எடத்துல ரெண்டு பேரு?"

"கோயிலுக்குள்ள போயிப் பாருமே, சங்கரநாராயணரு எப்பிடி நிக்காருன்னு"ன்னேன் நான். பாதி சிவன், பாதி பெருமாள். பாம்பு ராசாக்க சண்டைக்கு எங்க ஊர்ல கெடைச்ச தீர்ப்பு அதுதான. அவரு குடிச்சுட்டு நடந்தாரு.

மதியம் வெயில் ஏறிட்டு. ஆவுடை தாகமா இருக்குன்னா. அவ காலடியில குடம் நெறையக் கெடக்கு. நான் ஊத்திக் குடுக்கல. அவளும் கேக்கல. ரெண்டு பேரும் தெருவப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நாலு வீடு தள்ளி ஒருத்தி, புதுசாக் குடி வந்தவ, எனக்குப் பேருகூடத் தெரியாது, டம்ளர முந்தானையால மூடிக்கிட்டு எங்களப் பாத்து வந்தா.